விடுதித் தாயார் முதல் உளவளத்துணையாளர் வரை

நூற்றாண்டு மலர்களுக்கென்று ஒரு வழமை உண்டு. ஆசிச் செய்திகள், நிறுவுநரின் படம், வரிசையாக அதிபர்களின் படங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், கிண்ணத்தோடு நிற்கும் வலைப்பந்தாட்ட அணி. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்தத் துறைமுக நகரத்தின் பெண்கள் பாடசாலைகளில் பிள்ளைகள் யாரிடம் போய் அழுதார்கள் என்பதை எந்த மலரிலும் நான் வாசித்ததில்லை. மலர்க்குழுவினர் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டதும் இதையே எழுதுவதென்று தீர்மானித்தேன்.

இன்று அந்த ஆளுக்கு உத்தியோகபூர்வமான பெயர் உண்டு: வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை. முன்னர் அவர் விடுதித் தாயாராக இருந்தார், மடத்துச் சகோதரியாக இருந்தார், சமயபாடம் படிப்பித்த வயதான ரீச்சராக இருந்தார். பெயர் மாறியது, வேலையும் மாறியது. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எமது பகுதியில் இந்தப் பணி கல்வித் திணைக்களத்தின் சுற்றுநிருபங்களால் பிறந்ததல்ல. மடமும் ஆச்சிரமமும் கோயிலும் பள்ளிவாசலும் செய்துவந்த சமூகப் பணியிலிருந்தே அது வளர்ந்தது. அதனால் அதற்கு ஒரு பெரிய பலம் கிடைத்தது: பிள்ளையைக் கைவிட்டுப் போகாத மனிதர்கள். கூடவே ஒரு பெரிய பலவீனமும் வந்தது: உபதேசம். அந்தப் பழக்கத்தை விடுவதற்குத்தான் மிக நீண்ட காலம் எடுத்தது.

சொற்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. கவுன்சிலிங் என்ற சொல்லுக்கு இலங்கைத் தமிழில் மூன்று சொற்கள் வழங்கின. பாடசாலைகளில் "ஆலோசனை" என்றார்கள். யாழ்ப்பாணத்தில் சிலர் "சீர்மியம்" என்று எழுதினார்கள். பின்னர் "உளவளத்துணை" வந்தது. ஆலோசனை என்றால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. சீர்மியம் என்றால் எங்கேயோ சீர் கெட்டிருக்கிறது, அதைத் திருத்த வேண்டும் என்று தொனிக்கிறது. துணை என்றால் கூட இருப்பது. எனக்குப் பிடித்தது மூன்றாவது சொல். ஆனால் பாடசாலைக் கதவுகளில் இன்றும் தொங்குவது முதலாவது சொல்தான்.

விடுதிகளின் காலத்திலிருந்து தொடங்குவோம். நகரத்தின் பழைய பெண்கள் பாடசாலைகள் மூன்றும் சமயப் பணியிலிருந்து தோன்றியவை. மெதடிஸ்த திருச்சபையினரின் பாடசாலை ஒன்று. அப்போஸ்தலிக்க கார்மேல் சபைச் சகோதரிகள் நீண்டகாலம் பணிசெய்த புனித மரியாள் கல்லூரி ஒன்று. தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் தொடங்கிய ஸ்ரீ சண்முக வித்தியாலயம் ஒன்று. எமது கல்லூரியின் வரலாறு இம்மலரின் மற்றப் பக்கங்களில் விரிவாக இருப்பதால் நான் அதைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளுக்காக 1925இல் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றதும், சுவாமி விபுலானந்தர் அதன் அதிபராக இருந்ததும் யாவரும் அறிந்ததே. 1953 அளவில் சுவாமி சிவானந்தரின் சீடரான சுவாமி சச்சிதானந்தர் இங்கே வந்து தபோவனம் அமைத்தார். 1969இல் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்த சுவாமி அவர்தான் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

விடுதி ஏன் முக்கியம் என்றால் இந்த மாவட்டத்தின் நிலஅமைப்பு அப்படி. கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் இருந்த மூதூர், சம்பூர் பிள்ளை நகரத்தில் படிக்க வேண்டுமானால் லோஞ்சில் வர வேண்டும். தரைவழியே வருவதென்றால் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல்தான். ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை விடுதிக்கு வந்துவிடும். அதற்கு முதல் மாதவிடாய் வருவதும் அங்கேதான், வீட்டில் அப்பா இறந்த செய்தி வருவதும் அங்கேதான்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். டொக்யாட்டை நம்பியிருந்த குடும்பங்களின் வருமானம் ஆட்டங்கண்டது. வீட்டில் நடந்த எல்லாமே விடுதியில் இருந்த பிள்ளையின் முகத்தில் தெரிந்திருக்கும். அதைப் பார்த்தவர் விடுதித் தாயார். அவர் உளவியல் படித்தவரல்லர். சாப்பிடாத பிள்ளை எது, இரவில் விழித்திருக்கும் பிள்ளை எது, வீட்டுக்குப் போகாமலிருக்கச் சாட்டுத் தேடும் பிள்ளை எது என்று அவருக்குத் தெரியும். இந்த மூன்றையும் இன்றைக்கு எந்தப் பயிற்சிநெறியிலும் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அவர் செய்தது, "சுவாமியைக் கும்பிடு பிள்ளை, எல்லாம் சரி வரும்" என்று சொல்வது. அல்லது அதிபரிடம் போய்ச் சொல்வது. இரண்டும் அன்பினால் செய்யப்பட்டவைதான். பிள்ளை மறுமுறை வாய் திறக்காது என்பதுதான் விளைவு.

1960ஆம் ஆண்டின் உதவிபெறும் பாடசாலைகள் சட்டம் நிலைமையை மாற்றியது. பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. வகுப்பறை அரசினுடையதாகவும், பக்கத்து வளவில் இருந்த மடமும் விடுதியும் சபையினுடையதாகவும் பல இடங்களில் பிரிந்தன. இதைக் கல்வி வரலாறு எழுதுபவர்கள் சொத்துப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், படிப்பிக்கிறவர் ஒருவர், கவனிக்கிறவர் வேறொருவர் என்று முதன்முறையாக ஆனது. கவனிக்கிறவருக்கு இனிமேல் புள்ளி போடும் அதிகாரமில்லை. அது நல்லதற்கே என்று நான் நினைக்கிறேன்.

கடல்கடந்த நாடுகளிலும் இந்தத் தொழில் சமயத்தின் வாசலில்தான் பிறந்தது. கால் றோஜேர்ஸ் என்ற அமெரிக்கர் 1920களில் குருத்துவக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, அதை விட்டுவிட்டு உளவியலுக்குப் போனவர். றொச்செஸ்ரர் நகரில் பிள்ளைகளுக்கான நிலையத்தில் வேலை செய்தபோது, குழப்படிக்காரப் பையன் ஒருவனின் தாயாருக்குப் பல வாரங்களாகப் புத்தி சொல்லிப் பார்த்தார். பலனில்லை, நிறுத்திவிடுவோம் என்று இருவரும் எழுந்தார்கள். கதவடிக்குப் போன தாயார் திரும்பி, "இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து தன் குடும்ப வாழ்க்கையைக் கொட்டினார். றோஜேர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மகனின் பிரச்சினையும் தணியத் தொடங்கியது. எமது பாடசாலைகளில் மகளைப் பற்றி முறையிட வரும் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

இங்கிலாந்தில் சாட் வாரா என்ற அங்கிலிக்கன் குருவானவர் 1935இல் நடத்திய முதலாவது நல்லடக்கம் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. மாதவிடாய் வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று பயந்து, கேட்பதற்கு ஆளில்லாமல் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். 1953இல் அவர் லண்டனில் தன் ஆலயத்திலேயே தொலைபேசி ஒன்றை வைத்து, சாக விரும்புபவர்கள் பேசலாம் என்று அறிவித்தார். அவரைச் சந்திக்க வந்தவர்கள் வெளி அறையில் காத்திருந்தபோது தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பலர் அவரைப் பார்க்காமலேயே ஆறுதலோடு திரும்பிப் போகத் தொடங்கினார்கள். குருவானவரின் புத்திமதியைவிடத் தேநீரோடு இருந்த செவி பயன்பட்டது. அவரும் அதை ஒத்துக்கொண்டு வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அந்த வழியில் இலங்கையில் 1974இல் கொழும்பில் சுமித்ரயோ தொடங்கியது.

இனி எமது கதைக்கு வருவோம். 1983 யூலையில் கடற்படையினர் நகருக்குள் புகுந்து வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் குடும்பங்கள் காடுகளுக்கும் கோயில்களுக்கும் ஓடின. படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் பலர். இந்த வருடங்களில் பாடசாலைக்குள் ஆலோசனை என்று ஒன்றும் இருக்கவில்லை. இருந்தவர்கள் பங்குக் குருவானவர்களும் சகோதரிகளும் கோயில் தர்மகர்த்தாக்களுந்தான். மறைமாவட்டத்தின் எகெட் நிறுவனம் அரிசியும் தறப்பாளும் கொடுத்தது. பதிவேட்டில் பெயர் எழுதும்போதுதான் யார் யாரைக் காணவில்லை என்பது தெரியவந்தது.

யூஜின் ஹேபேட் அடிகளாரை இங்கே நினைக்காமல் போக முடியாது. லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். பின்னர் மட்டக்களப்புக்குப் போனார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் தன்னோடு வந்த இளைஞருடன் காணாமற் போனார். இன்றுவரை தகவலில்லை. அவர் உளவளத்துணையாளரல்லர். ஆனால் மைதானத்தில் பந்தோடு நின்ற ஒருவரிடம் வீட்டுக் கதை சொன்ன பையன்கள் இந்த நகரத்தில் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

அதே சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரிடம் வரும்போதுதான் இந்தப் பணி ஒரு தொழிலாக நிமிர்கிறது. திருகோணமலையும் மட்டக்களப்பும் 2012 வரை ஒரே மறைமாவட்டம். ஆகவே அங்கே நடந்ததை வெளியூர்க் கதையாக நான் எண்ணவில்லை. அடிகளார் உளவியலும் உளவளத்துணையும் முறையாகக் கற்றவர். மட்டக்களப்பில் உளவளத்துணை நிலையம் நடத்தினார், மற்றவர்களைப் பயிற்றுவித்தார். 1996இல் போல் ஹோகன் என்ற கனடிய ஓவியரோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உருவாக்கினார். ஹோகன் ரொறன்ரோவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தோட்டமொன்றில் வேலை செய்தவர். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டக்களப்புப் பிள்ளைகளைப் போர் எப்படிப் பாதித்திருக்கிறது என்று ஆராய்ந்திருந்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே பூங்கா வந்தது.

அங்கே செய்தது என்ன? தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். களிமண், வர்ணம், பாட்டு, மிருகங்கள், மரங்கள், தாங்களே கட்டிய கதைகள், அந்தக் கதைகளை வைத்து நாடகம். பிள்ளைகளோடு இருந்தவர்கள் போருக்குள் வளர்ந்த அந்தப் பகுதி இளைஞர்களே. "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று பிள்ளையை யாரும் விசாரிக்கவில்லை. சொல்ல வேண்டியது களிமண்ணில் வந்தது, அல்லது ஒரு இராட்சதனின் கதையாக வந்தது, அல்லது வராமலே போனது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தார்கள்.

ஒரு குருவானவர் இதை நடத்தினார் என்பதில்தான் எனக்கு வியப்பு. பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஒருவருக்கு இரகசியம் காப்பது இரத்தத்தில் ஊறியது. அது இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல். ஆனால் அதே பாவசங்கீர்த்தனத்தின் முடிவில் புத்திமதியும் உண்டு, பரிகாரமும் உண்டு. இரகசியத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பூங்காவின் வெளிக்கதவில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். முஸ்லிம் பிள்ளையின் உம்மாவும் தமிழ்ப் பிள்ளையின் அம்மாவும் ஒரு கத்தோலிக்கத் துறவியிடம் பிள்ளையை அனுப்பினார்கள் என்றால், அவர் அதை விட்டுவிட்டார் என்று நம்பியதால்தான் அனுப்பியிருப்பார்கள்.

அதே காலத்தில் அதே மண்ணில் இன்னொரு வகையான செவியும் இருந்தது. பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மகன் பிடிபட்டுப் போன தாய் பொலிசுக்கும் போக முடியாது, அயலவரிடமும் பேச முடியாது. வாக்குச் சொல்லும் பெண்ணிடம் போவாள். அவன் பட்ட அடியை அந்தப் பெண் தன் உடம்பில் காட்டுவாள். வெளியில் பேச முடியாததைக் கோயில் முற்றத்தில் பேச முடிந்தது. படித்தவர்கள் நாங்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோம். அந்த வருடங்களில் அந்தத் தாய்மாருக்கு வேறு எந்த அலுவலகம் திறந்திருந்தது என்று எவரும் கேட்கவில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் "மனவடு" போன்ற நூல்கள் வந்த பிறகே, மக்களுடைய சடங்குகளையும் துணையாகக் கொள்ளலாம் என்று பயிற்சிகளில் பேசத் தொடங்கினார்கள்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆயிரம் பேரளவில் இறந்தார்கள். அதன் பிறகு வந்த இரண்டாவது அலையைப் பற்றி யாரும் நினைவுத்தூண் கட்டவில்லை. எங்கிருந்தெல்லாமோ உளவளத்துணையாளர்கள் வந்து இறங்கினார்கள். மொழி தெரியாது, இரண்டு வாரம் நிற்பார்கள், பிள்ளைகளைக் கொண்டு அலையைப் படம் வரைவிப்பார்கள், படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே பிள்ளை மூன்று நிறுவனங்களுக்கு மூன்று முறை அதே அலையை வரைந்தது. உதவியோடு சேர்த்து மதமாற்றமும் நடக்கிறது என்ற சந்தேகம் சில இடங்களில் எழுந்தது. அதன் சுமையைப் பல தசாப்தங்களாக இங்கே ஒழுங்காக வேலை செய்தவர்களும் சுமந்தார்கள். மட்டக்களப்பில் ஆனந்த கலப்பத்தியும் அவருடைய கூட்டாளிகளும் "மங்குரோவ்" என்ற வலையமைப்பை ஏற்படுத்தி, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். 2008இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. உளவியலாளர் கைத்திரி பெர்னாண்டோ ஒரு முக்கியமான விடயத்தைச் சுட்டிக்காட்டினார். துன்பத்தை எங்கள் மக்கள் தலைக்குள் இருக்கும் நோயாக விவரிப்பதில்லை, உறவுகளில் விழுந்த ஓட்டையாகவே விவரிக்கிறார்கள் என்பதே அது. அம்மா இல்லை, ஆகவே நான் இனி யாருடைய பிள்ளை? இந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை.

2006ஐ விரைவாகவே கடக்கிறேன், நினைப்பது கஷ்டம். சனவரி 2ஆம் திகதி காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களை அறிந்த பிள்ளைகள் நகரத்தின் எல்லாப் பாடசாலைகளிலும் இருந்தார்கள். ஏப்ரலில் சந்தையில் குண்டு, பிறகு சம்பூர் இடம்பெயர்வு, ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடியது. சம்பூர்ப் பிள்ளைகள் பலர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வளர்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் வந்த பிள்ளை முகாமிலேயே தாயானது உண்டு. ஆட்சேர்ப்புக்குப் பயந்தும், தறப்பாள் கொட்டிலில் வளர்ந்த பெண்ணை வைத்திருக்கப் பயந்தும் பெற்றோர் பதினாறு வயதில் கட்டிக் கொடுத்தார்கள். 1995இலேயே பொதுச் சட்டத்தில் திருமண வயது பதினெட்டாக உயர்ந்துவிட்டது. சட்டம் முகாம் வாசலில் நின்றது.

இங்கேதான் பழைய விடுதித் தாயாரின் முறை உடைந்தது. "எனக்குக் கலியாணம் வேண்டாம் ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், கும்பிடச் சொல்லி அனுப்ப முடியாது. தாயைக் கூப்பிட்டுச் சொன்னால் மறுநாள் பிள்ளை பாடசாலைக்கு வராது. யாரிடமும் சொல்லாமலிருந்தால் அடுத்த வாரம் பந்தல் போடுவார்கள். கேட்பவருக்கு ஒழுங்குமுறை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் யார், நன்னடத்தைப் பிரிவு எங்கே, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம். "நீ சொல்வதை யாருக்கும் சொல்ல மாட்டேன், உனக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிவிட்டே சொல்வேன்" என்று முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லப் பழக வேண்டியிருந்தது. இந்த ஒரு வசனத்துக்கு எமது பாடசாலைகள் வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பதுதான் என் கணக்கில் இந்த வரலாறு.

எல்லாரும் வந்து சேர்ந்துவிடவில்லை. நான் படிப்பித்த பாடசாலைகளில் ஒன்றில், ஆலோசனை அறையில் காலை பேசியது மத்தியானம் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்துவிடும். சொன்னவர் கெட்டவரல்லர். "இந்தப் பிள்ளைக்காக எல்லாரும் செபிப்போம்" என்று சொல்லித்தான் தொடங்கினார்.

உளவளத்துணையின் பெருமையை அளவுக்கு மீறிச் சொல்லவும் கூடாது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பின்னர் அது பெருமளவு குறைந்தது. குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பீடைகொல்லி வகைகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. கோபத்தில் ஒரு பிள்ளை எட்டி எடுத்த போத்தலில் முன்னர் இருந்த நஞ்சு இப்போது இல்லை. எங்களுடைய அறைகளால் ஆனதைவிட ஒரு வர்த்தமானி அறிவித்தலால் கூடுதலான உயிர்கள் தப்பின. ஆனால் தப்பிய பிள்ளை வைத்தியசாலையிலிருந்து பாடசாலைக்குத் திரும்பி வருகிறது அல்லவா? அன்றைக்கு முதலாம் பாடவேளையில் அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளின் இன்றைய நேரசூசியைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை வாரத்தில் முக்கால்வாசி நேரம் வேறு பாடம் எடுக்கிறார். பதில்கடமை வந்தால் முதலில் அனுப்பப்படுபவரும் அவர்தான், "சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று. காலையில் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்து தலைமயிர், பாவாடை நீளம் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அதே பிள்ளையைப் பார்த்து "மனதில் உள்ளதைச் சொல்லம்மா" என்று கேட்க வேண்டும். அறை இருந்தால் அது அலுவலகத்துக்கு அடுத்ததாக இருக்கும். உள்ளே போகிற பிள்ளையை வாங்கில் இருக்கும் பெற்றோர் அத்தனை பேரும் பார்ப்பார்கள். கடிதம் போடும் பெட்டி வைத்திருப்பார்கள், அதன் திறப்பு அலுவலகத்தில் தொங்கும்.

பழைய மாணவியர் சங்கங்கள் மண்டபம் கட்டித் தந்திருக்கின்றன, பான்ட் வாத்தியம் வாங்கித் தந்திருக்கின்றன, குடிநீர்த் தொகுதி பொருத்தித் தந்திருக்கின்றன. மைதானத்துப் பக்கமாக வாசல் வைத்த ஒரு சிறிய அறையும், அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு திறப்பும் இவற்றோடு பார்க்கும்போது பெரிய செலவில்லை. திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பொதுக்கூட்டத்தில் பேசலாம்.